சிங்கப்பூரில் டிஜிட்டல் கலை: அம்மாவையும் மகளையும் எங்கே அழைத்துப் போவது?

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்தில் இருக்கிறேன். அடுத்த மாதம் அம்மாவையும் எட்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் போகிறேன். திருச்சியிலிருந்து நேரடி விமானம். நான்கு நாள் இருப்போம். தங்குவது சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில்.

சுற்றிப் பார்க்கும் இடங்களின் பட்டியல் எனக்கு வேண்டாம். அது எங்கும் கிடைக்கிறது. ஒளியையும் கணினியையும் கொண்டு செய்யும் கலைக்கு அந்த ஊர் பேர்போனது என்று படித்தேன். மகளுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று எனக்கு மிகவும் ஆசை. ஆனால் ஒரு தயக்கம் இருக்கிறது.

போன ஆண்டு சென்னையில் இப்படி ஒரு கண்காட்சிக்குப் போனோம். புகழ்பெற்ற ஓவியர் ஒருவரின் படங்கள் நம்மைச் சூழ்ந்து நிற்கும் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். மூன்று பேருக்கான டிக்கெட் எங்கள் வீட்டின் ஒரு வார மளிகைச் செலவைத் தாண்டியது. உள்ளே ஒரு கூடாரம், நான்கு பக்கமும் திரை, காதைப் பிளக்கும் இசை. அம்மா தரையில் கால்நீட்டி உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "இது டிவிதானே? கொஞ்சம் பெரிய டிவி, அவ்வளவுதானே?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்றுவரை பதில் தெரியவில்லை.

அம்மாவுக்கு 67 வயது. ஐம்பது ஆண்டுகளாக வாசலில் கோலம் போடுகிறவர். பத்தொன்பது புள்ளிச் சிக்குக்கோலத்தைக் குறிப்பு நோட்டைப் பார்க்காமல் ஒரே இழையில் முடிப்பார். கலை என்றால் என்னவென்று அவருக்கு நான் விளக்க வேண்டிய தேவையில்லை. அவரை மறுபடியும் ஒரு பெரிய டிவியின் முன்னால் உட்காரவைக்கக் கூடாது என்பதுதான் என் கவலை. மூன்று மாதங்களுக்கு முன்பு வலது கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. முழங்கால் வலியும் உண்டு.

கட்டணம் கொடுத்துப் பார்க்க ஒரே ஓர் இடத்துக்குத்தான் பணம் ஒதுக்க முடியும். எதைத் தேர்ந்தெடுப்பது? கட்டணமில்லாமல் பார்க்கத் தக்கவை எவை? அங்கே வசிப்பவர்களும் போய்வந்தவர்களும் சொல்லுங்கள்.

தேக்காவாசி எழுதியது:

வணக்கம். நான் திருமணமாகி 1994-இல் தஞ்சாவூரிலிருந்து இங்கே வந்தவள். தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றிருக்கிறேன். உங்கள் அம்மா கேட்டது மிகச் சரியான கேள்வி. இந்த வகைக் கலையில் நல்லதையும் வெறும் காட்சியையும் பிரித்துப் பார்க்க அதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது.

உங்கள் பணத்தை மரினா பேயில் இருக்கும் ஆர்ட்சயன்ஸ் மியூசியத்துக்கு ஒதுக்குங்கள். அங்கே 'ஃபியூச்சர் வேர்ல்ட்' என்ற காட்சி 2016-லிருந்து நிலையாக இருக்கிறது. தோக்கியோவில் 2001-இல் தொடங்கிய டீம்லேப் என்ற குழுவோடு சேர்ந்து செய்தது. ஓவியர்கள், நிரல் எழுதுகிறவர்கள், கணித வல்லுநர்கள், கட்டடக் கலைஞர்கள் என்று பலர் கூடி வேலை செய்யும் குழு அது.

சென்னையில் நீங்கள் பார்த்தது அநேகமாக முன்பே எடுத்து வைத்த படம். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். இங்கே பெரும்பாலான சுவர்களில் கணினி அந்தக் கணத்தில்தான் வரைகிறது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எதைத் தொடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அடுத்த கணம் மாறுகிறது. இப்போது பார்த்த காட்சி அப்படியே திரும்ப வராது. விடியலில் போட்ட கோலம் மதியத்துக்குள் காலடிகளில் கரைந்துபோவதைப் பார்த்து வளர்ந்தவர் உங்கள் அம்மா. இது அவருக்குப் புரியாமல் போகாது.

அங்கே அவருக்காகவே வைத்தது போன்ற ஒரு பகுதி உண்டு. 'ஸ்கெட்ச் அக்வேரியம்' என்று பெயர். மேசைகளில் கடல் உயிரினங்களின் வெளிக்கோடு அச்சிட்ட தாள்களும் வண்ணக்குச்சிகளும் இருக்கும். ஒன்றை எடுத்து விருப்பம்போல் வண்ணம் தீட்டி ஸ்கேன் செய்தால், சிறிது நேரத்தில் அது உயிர்பெற்றுச் சுவரளவு கடலில் நீந்தி வரும். கையால் தொட்டால் மிரண்டு ஓடும். தீனிப்பையைத் தொட்டால் மீன்கள் கூடி வந்து தின்னும். நான் என் பேரனை 2019-இல் அழைத்துப் போனபோது அவன் நான்கு மீன் வரைந்தான். நான்காவது மீனுக்குக் கண் வைக்க மறந்துவிட்டான். கண்ணில்லாத மீன் சுவரில் போவதைப் பார்த்து அழுதுகொண்டே மேசைக்கு ஓடி, அதே போல இன்னொன்றைக் கண்ணோடு வரைந்து துணைக்கு அனுப்பினான். டிவியில் வரும் மீனுக்காக எந்தக் குழந்தையும் அப்படி ஓடுவதில்லை.

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். அந்தக் கடல் சுவருக்கு மட்டும் ஒரு மணி நேரம் கொடுங்கள். சறுக்குமரம் ஒன்று உண்டு. சறுக்கி வரும் குழந்தை பட்ட இடத்தில் பூ மலர்ந்து பழமாகும். உங்கள் மகள் அதைவிட்டு வர மாட்டாள். 'கிரிஸ்டல் யுனிவர்ஸ்' என்ற இருட்டறையில் 1,70,000-க்கு மேற்பட்ட எல்இடி விளக்குகள் தொங்குகின்றன. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் கைப்பேசியை உயர்த்திக்கொண்டு நிற்கும் அறை அது. எனக்கு மனம் ஒட்டவில்லை.

உள்ளே நேரம் குறித்த டிக்கெட்டில்தான் விடுவார்கள். வாரநாள் பார்த்துப் பதிவு செய்யுங்கள். காட்சிகளை அவ்வப்போது மாற்றுவார்கள், ஆகவே புறப்படும் முன் அவர்களின் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். லிட்டில் இந்தியா நிலையத்தில் பெருவிரைவு ரயில் ஏறினால் டௌன்டவுன் பாதையில் பேஃபிரண்ட் நான்காவது நிறுத்தம். மாறி ஏற வேண்டியதில்லை. மின்தூக்கி இருக்கிறது, அம்மாவின் முழங்காலுக்குத் தொல்லையில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. தேசிய அரும்பொருளகத்தின் கண்ணாடிக் கூடத்தில் இதே டீம்லேப் குழு செய்த 'ஸ்டோரி ஆஃப் த ஃபாரஸ்ட்' என்ற படைப்பு 2016 டிசம்பரில் திறந்தது. சிங்கப்பூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக, அதாவது ஆட்சிப் பொறுப்பாளராக, இருந்த வில்லியம் ஃபார்குவார், மலாக்காவில் பதவியில் இருந்தபோது சீன ஓவியர்களைக் கொண்டு செடிகொடிகளையும் விலங்குகளையும் வரையவைத்தார். மொத்தம் 477 ஓவியங்கள். வரைந்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. அவற்றில் 69 ஓவியங்களை எடுத்துக்கொண்டு, வளைந்து இறங்கும் ஒரு நீண்ட பாதையின் சுவரில் உயிரோடு நடமாடவிட்டிருந்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு பெயர் தெரியாத ஒருவர் தூரிகையால் இழுத்த கோட்டோடு ஒரு தாப்பிர் (பன்றி போன்ற உடலும் குட்டித் தும்பிக்கையும் கொண்ட விலங்கு) காட்டுக்குள் நடந்து போயிற்று. பாதையின் முடிவில் தலைக்கு மேலே பதினைந்து மீட்டர் உயரத்திலிருந்து பூக்கள் விழுந்தன. நான் ஐந்து முறை போனேன். இப்போது அது அங்கே இல்லை. உங்கள் அம்மாவுக்குக் காட்ட முடியவில்லையே என்று உண்மையாகவே வருந்துகிறேன்.

ஒளிக்கோடு எழுதியது:

சகோதரி, நான் சென்னையில் மேடை ஒளியமைப்பும் புரொஜெக்டர் வேலையும் செய்கிறேன். தேக்காவாசி அம்மா சொன்னதில் எனக்கு உடன்பாடு. அம்மாவின் கண் பற்றி மட்டும் சில வார்த்தை.

சுவரில் பாயும் ஒளி வேறு, எல்இடி ஒளி வேறு. புரொஜெக்டரின் ஒளி சுவரில் பட்டுத் திரும்பி நம்மிடம் வருகிறது. அதனால் மென்மையாக இருக்கும். எல்இடியோ நேராகக் கண்ணுக்குள் வருகிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு சில மாதங்கள்வரை விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிவதும் கண் கூசுவதும் பலருக்கு உண்டு. அந்த விளக்குத் தொங்கும் அறையில் அம்மாவை வாசலில் நிற்கவைத்து முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கூசினால் விட்டுவிடுங்கள். போவதற்கு முன் கண் மருத்துவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தரையும் சுவரும் சேர்ந்து நகரும் அறைகளில் தலை சுற்றலாம். ஓட்டம் நம்முடையதா சுவருடையதா என்று மூளைக்குக் குழப்பம் வருவதால் அப்படி ஆகிறது. அசையாத ஏதாவது ஒன்றை, கதவின் சட்டத்தையோ உங்கள் முகத்தையோ, பார்த்துக்கொண்டிருந்தால் சரியாகிவிடும்.

எல்லோரும் வெளிர்நிற உடை அணிந்து போங்கள். ஒளி துணியின் மேலும் விழும். மகளின் வெள்ளைச் சட்டையில் மீன் நீந்துவதை நீங்கள் பார்க்கலாம். கறுப்பு உடை ஒளியை விழுங்கிவிடும்.

பெரிய டிவியா இல்லையா என்று கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் எளிய வழி உண்டு. ஒரே இடத்தில் நின்று ஏதாவது ஒரு பூவையோ பறவையையோ மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அரைமணி கழித்து அதே பூ அதே இடத்தில் அதே மாதிரி விரிந்தால் அது பதிவு. நல்ல பதிவும் உண்டு, அதைத் தாழ்வாகச் சொல்லவில்லை. ஆனால் டிக்கெட் விற்கும்போது இரண்டையும் ஒன்றுபோலச் சொல்வது ஏமாற்று வேலை. அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அடுத்த முறை நாங்கள் உண்மையாகவே உழைத்துச் செய்யும்போது மக்கள் வர மறுக்கிறார்கள்.

போய்வந்த பிறகு ஒன்று சொல்லுங்கள்: மெல்லிய கோடுகள் ஸ்கேனில் பிழைக்கின்றனவா? கோலக்கோடு என்று கேட்டதிலிருந்து எனக்கு அதுதான் மனதில் ஓடுகிறது.

புதுகைக்காரன் எழுதியது:

அக்கா, நான் இங்கே கட்டட வேலையில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்த்தது இல்லை. காசில்லாமல் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் சாங்கி விமான நிலையம். முதலாம் முனையத்தின் புறப்பாட்டுக் கூடத்தில் 'கைனெட்டிக் ரெய்ன்' என்று ஒன்று தொங்குகிறது. 2012-இல் வைத்தது. 1,216 மழைத்துளிகள். அலுமினியத்தில் செய்து செம்பு பூசியவை. ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு மெல்லிய எஃகுக் கம்பியில் தொங்குகிறது. ஒவ்வொரு கம்பிக்கும் மேலே ஒரு மோட்டார். கணினி சொல்லச் சொல்ல அவை ஏறி இறங்கி அலையாகும், பட்டமாகும், விமானமாகும். சத்தமே வராது. ஊருக்குப் போகும் நண்பரை வழியனுப்ப வந்தபோது முதலில் பார்த்தேன். கம்பி இழுக்கும் வேலை தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன். ஆயிரத்துக்கு மேற்பட்ட கம்பிகள் ஒன்றோடொன்று சிக்காமல், ஒரே நேர்மட்டத்துக்கு வந்து நிற்பது சாதாரண காரியம் இல்லை. நண்பர் உள்ளே போன பிறகும் நான் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். வெளிச்சம் கண்ணில் அடிக்காது, அம்மாவுக்கு நல்லது. பெட்டி போடுகிற கூடம்தான், யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். முனையங்களுக்கு இடையே காசில்லாத ரயில் ஓடுகிறது. நான்காம் முனையத்துக்கு மட்டும் பஸ். இரண்டாம் முனையத்தில் 14 மீட்டர் உயர டிஜிட்டல் அருவியும் இருக்கிறது. திரும்பும் நாளில் இரண்டு மணி நேரம் முன்கூட்டியே வந்துவிடுங்கள்.

இரவில் மரினா பேயில் தண்ணீரும் ஒளியும் சேர்ந்த 'ஸ்பெக்ட்ரா' எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடக்கும், கால் மணி நேரம். கார்டன்ஸ் பை த பேயில் செயற்கை மரங்களுக்குக் கீழே 7.45-க்கும் 8.45-க்கும் ஒளியும் பாட்டும். மரங்கள் 25 மீட்டரிலிருந்து 50 மீட்டர் உயரம். அங்கே எல்லோரும் தரையில் படுத்துத்தான் பார்ப்பார்கள், வெட்கப்பட வேண்டாம். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க அம்மாவை நடக்கவைக்காதீர்கள், தூரம்.

நீங்கள் வரும் மாதத்தைப் பொறுத்து ஒளித்திருவிழாவும் இருக்கலாம். ஜனவரியில் தேசியக் கலைக்கூடத்தின் முகப்பில் படம் பாய்ச்சுவார்கள். அது பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் சேர்ந்த கட்டடம். மரினா பேயைச் சுற்றி நடக்கும் 'ஐ லைட்' திருவிழா 2010-இல் தொடங்கியது. எல்லாம் இலவசம். ஞாயிறு மாலை என் அறைத் தோழர்களோடு போவேன். ஊரிலிருக்கும் மகனுக்கு வீடியோ அழைப்பில் காட்டுவேன்.

தேக்காவாசி எழுதியது:

புதுகைக்காரன் தம்பி, முப்பது ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன், அந்த மழைத்துளிகளின் கீழே பெட்டியை இழுத்துக்கொண்டு பலமுறை ஓடியிருக்கிறேன். நின்று பார்த்ததில்லை. இந்த வாரம் அதற்காகவே போகப் போகிறேன்.

காவிரிக்கரை தங்கைக்கு ஒன்று விட்டுப்போயிற்று. நீங்கள் தங்கும் இடத்துக்குப் பக்கத்தில், கேம்பல் லேனில், இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. 2015-இல் திறந்தது. பகலில் அதன் முகப்பு வெறும் கண்ணாடி போலத் தெரியும். இருட்டிய பிறகு உள்விளக்கில் கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் சுவரோவியம் தெருவுக்குத் தெரியும். கணினிக் கலை இல்லை. ஆனால் ஒளியால் ஒரு சுவர் என்னவாகும் என்று மகளுக்குக் காட்ட அதுவே நல்ல தொடக்கம். முதல் நாள் மாலை சாப்பிடப் போகும் வழியில் எதிர்ப்புறம் நின்று பாருங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். உங்கள் மூவருக்கும் என் நன்றி சிறியது.

கண் மருத்துவர் போகலாம் என்றார். புதன்கிழமை காலை முதல் நேரத்துக்கு டிக்கெட் எடுத்தோம். விளக்குத் தொங்கும் அறையில் அம்மா இரண்டு நிமிடம்தான் நின்றார். ஒவ்வொரு விளக்கையும் சுற்றி வளையம் தெரிகிறது என்று வெளியே வந்துவிட்டார். ஒளிக்கோடு அண்ணன் சொல்லியிருக்காவிட்டால் பயந்துபோயிருப்பேன்.

கடல் சுவருக்கு முன்னால் இரண்டு மணி நேரம் இருந்தோம். அம்மா முதலில் மகளுக்கு வண்ணக்குச்சி எடுத்துக் கொடுத்துக்கொண்டு மட்டும் இருந்தார். பிறகு ஆமை படம் போட்ட தாள் ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஓட்டின் மேல் ஐந்து புள்ளி வைத்து, சுற்றிலும் இழையிழுத்துச் சிக்குக்கோலம் போட்டார். மஞ்சளில் மெல்லியதாகப் போட்டிருந்தார். சுவரில் வந்தபோது கோடு தெரியவே இல்லை, வெறும் ஆமைதான் போயிற்று. அம்மா ஒன்றும் பேசாமல் இன்னொரு தாள் எடுத்தார். இந்த முறை கருநீலத்தில், இழையை அழுத்தி இரண்டு முறை ஓட்டினார். அண்ணன், உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்: மெல்லிய கோடு பிழைக்காது, அடர்ந்த நிறமும் அழுத்தமும் வேண்டும்.

இரண்டாவது ஆமை கோலத்தோடு வந்தது. ஓட்டின் மேல் இழை வளைந்து வளைந்து ஓட, துடுப்பை அடித்துக்கொண்டு சுவரின் இடப்பக்கமாகப் போயிற்று. இங்கே வரையும் மீன்கள் வேறு நாடுகளில் இருக்கும் இதே போன்ற சுவர்களுக்கும் நீந்திப் போகுமாம், அங்கிருந்து இங்கேயும் வருமாம். மகள் அதைப் பாட்டிக்குச் சொன்னாள். அதன் பிறகு கடந்துபோன ஒவ்வொரு மீனையும் காட்டி அம்மா, "இது எந்த ஊர் மீன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டிவி என்ற சொல்லை அவர் எடுக்கவே இல்லை, நானும் கேட்கவில்லை.

அங்கே பணியில் இருந்த வயதான சீனப் பெண்மணி ஒருவர் வந்து, ஆமையின் ஓட்டில் விரல் வைத்து, கோடு எங்கே தொடங்குகிறது என்று சைகையில் கேட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் புள்ளி வைத்து மெதுவாக இழுத்துக் காட்டினார். அவர் அதன் மேலேயே விரலால் ஓட்டிப் பார்த்தார், இரண்டு முறை தவறி மூன்றாம் முறை சரியாக வந்தது. கிளம்பும்போது அம்மா அந்தத் தாளை அவரிடமே கொடுத்துவிட்டார். பாட்டியின் ஆமை போய்விட்டதே என்று மகள் ரயிலில் பேஃபிரண்ட் முதல் லிட்டில் இந்தியா வரை முறையிட்டுக்கொண்டு வந்தாள். அம்மா, "அதுதான் கடலுக்குள் போய்விட்டதே, தாள் எதற்கு?" என்றார்.

புதுகைக்காரன் தம்பி, திரும்பும் நாளில் முதலாம் முனையத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பே வந்தோம். மழைத்துளிகளுக்குக் கீழே உட்கார இடம் கிடைத்தது. மகள் கம்பிகளை எண்ணத் தொடங்கி இருநூற்றுச் சொச்சத்தில் தூங்கிவிட்டாள்.